ரெண்டுல ஒண்ணு

ரேஷன் கடை மெஷினில் சின்னத்தாளின் கைரேகை ஒரு நாளும் விழுந்ததில்லை. கட்டைவிரலை வைப்பாள், மெஷின் கத்தும். ஆள்காட்டி விரலை வைப்பாள், கத்தும். சேலைத் தலைப்பில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி மறுபடி வைப்பாள். பத்து விரலும் முடிந்த பிறகு கடைக்காரர் தலையைச் சொறிவார்.

"விழுகலக்கா. ஒன்னய யாருன்னே தெரியாதுங்குது மெஷினு. நாளைக்கு வாயேன்."

"மெஷினுக்குத் தெரியல, சரி. ஒனக்கு என்னயத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்னக்கா? ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்க. தெரியுமா, தெரியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "சொல்லித் தொலைங்கண்ணே, இல்லாட்டி இன்னிக்கு எங்களுக்கும் அரிசி இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கடைக்காரர் கடைசியில் "தெரியும்" என்பார். "அப்பறம் என்ன, போடு" என்று சின்னத்தா பையை விரித்துப் பிடிப்பாள். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அரிசியைப் போடுவார்.

ஆதனக்கோட்டையில் தெருமுறைக்கு அவள் எனக்குச் சின்னத்தா, அதாவது சித்தி. ரத்த உறவு கிடையாது. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவளும் என் அம்மாவும் ரோட்டோரக் கொட்டகை ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைத்தார்கள். அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அவளைக் கேட்காமலே அவள் பெயரை எழுதியிருக்கிறேன். அது போதும்.

முந்திரிக்கொட்டையைத் தகரத்தில் போட்டு வறுத்தால் தோட்டிலிருக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டு எரியும். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்து, ஆறிய பிறகு சின்னக் கட்டையால் தட்டிப் பருப்பை எடுக்க வேண்டும். பருப்பு உடையாமல் தோடு மட்டும் உடைய வேண்டும். அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள். இருபது வருடம் அப்படிச் செய்தவள் சின்னத்தா. அவளுடைய விரல்நுனிகள் கறுத்து, வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருக்கும். ரேகை என்று ஒன்று அங்கே இல்லை.

கையில் இல்லாத அழுத்தமெல்லாம் அவளுக்குப் பேச்சில் இருந்தது. யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும்வரை நிற்பாள். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஏறும்போதே கேட்பாள், ஆதனக்கோட்டையில் நிற்குமா, நிற்காதா? கண்டக்டர் ஒருவர், "ஏறும்மா, பாக்கலாம்" என்றார். அன்றைக்கு நானும் கூட இருந்தேன். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள்.

"பாக்கலாம்ங்கிறது பதிலு இல்ல தம்பி. நிக்கும்னா ஏறுறேன். நிக்காதுன்னா எறங்கிக்கிறேன்."

"டைம் ஆச்சும்மா! காலை எடு!"

"எந்தக் காலை எடுக்க? மேல இருக்கதயா, கீழ இருக்கதயா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் திரும்பி, "நிக்கும்னு சொல்லுய்யா" என்று கத்தினார். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் வந்ததும் பஸ் நின்றது. இறங்கும்போது கண்டக்டரைப் பார்த்து, "நல்லா இருப்ப, பதில் சொன்னியே" என்றாள்.

அவள் முதலிலேயே அப்படி இருந்தவள் இல்லை என்று அம்மா சொல்வாள். மகள் போன பிறகுதான்.

அவளுக்கு ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்திருந்தாள். ஒரு நாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. கட்டைச் சத்தம் கிணற்றடிவரை கேட்கிற தூரம்தான். சின்னத்தா அப்போது கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. உடைக்கும்போது வேறு எதுவும் காதில் விழாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். அம்மா துணைக்குப் போனாள்.

"காலு வழுக்கி விழுந்தாளா, அவளா விழுந்தாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா."

"கால் தவறின்னு எழுதியாச்சும்மா" என்றாராம் எழுத்தர்.

"எழுதுனதக் கேக்கல. எது நெசம்னு கேக்குறேன்."

மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி, "தெரியலம்மா. எங்க யாருக்கும் தெரியல" என்றாராம். சின்னத்தா எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் போகவில்லை. "அந்தப் புண்ணியவான் ஒருத்தருதான் ஒழுங்காச் சொன்னாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். அதுவும் ஒரு பதிலுதான?" என்று பின்னாளில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் ப்ளஸ் டூ முடித்தபோது அப்பா என்னைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்புவதாக இருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை எட்டாவதைத் தாண்டியவர் யாருமில்லை. காலேஜ் விண்ணப்பம் வாங்கக் கடைசி நாள் என்று தெரிந்து சின்னத்தா வீட்டுக்கு வந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் படிக்கணுமா, வேணாமா?"

"பாக்கலாம் புள்ள."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத மச்சான்." அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "படிக்கட்டும்" என்று கடைசியில் சொன்னார். அந்த வார்த்தைமேல் அவளுக்கு அப்படி என்ன என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. விண்ணப்பம் வாங்க ஓடினேன்.

புதுக்கோட்டையில் காலேஜ். இரண்டாம் வருடம் தமிழ்ப் பாடத்தில் ஒரு நாவல் வைத்திருந்தார்கள். எனக்கு மனசுக்குள் படித்தால் தூக்கம் வரும். சத்தம்போட்டுப் படித்தால்தான் ஏறும். சனி ஞாயிறுகளில் கொட்டகையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். முதலில் பெண்கள் கேலி செய்தார்கள். "என்னடா, நீயும் ரேடியோவா ஆயிட்ட?" என்றார்கள். இரண்டாவது வாரம், போன வாரம் விட்ட இடத்தை அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள். நாவலில் ஒரு கொடுமைக்காரப் பெரியப்பா வருவார். அவர் வரும்போதெல்லாம் கட்டைகள் பலமாக விழும். அன்றைக்குப் பருப்பு நிறைய உடையும். அதற்கு முதலாளியிடம் திட்டு வாங்கினார்கள்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நாவலில் ஒரு பெண் கிணற்றில் விழுந்துவிடுகிறாள். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். தெரியாது. படித்துக்கொண்டே போகிறேன், நடுவில் புரிகிறது, நிறுத்தவும் முடியவில்லை. தண்ணீர் மேலே மூடிக்கொள்கிறது. கடைசியாக அவளுக்குக் கேட்பது வீட்டில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே போகிறாள்.

கொட்டகையில் ஒரு கட்டையும் விழவில்லை. யாரும் சின்னத்தாளைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"அந்த எடத்தத் திருப்பிப் படி."

படித்தேன்.

"இன்னொருக்க."

மூன்றாவது முறை படித்து முடித்ததும் கேட்டாள். "இத எழுதுனவரு இருக்காரா, செத்துட்டாரா?"

"இருக்காரு சின்னத்தா. மெட்ராஸ்ல."

"அவருக்கு ஒரு லெட்டர் எழுதணும்டா. ஒக்காரு."

பின்னட்டையில் முகவரியும் இருந்தது, போன் நம்பரும் இருந்தது. போனில் கேட்கலாமே என்றேன். "போனுல கேட்டா அவசரத்துல வாய்க்கு வந்தத சொல்லிருவாரு. எழுதிக் கேட்டா ஒக்காந்து யோசிச்சு எழுதுவாருல்ல" என்றாள். அவள் சொல்லச் சொல்ல ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு மணி நேரம் பேசினாள். அந்தப் பக்கத்தை நான் வைத்திருக்கவில்லை. எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

"ஐயா, நான் கொட்டை ஒடைக்கிறவ. எனக்குப் படிக்கத் தெரியாது, தம்பி படிச்சான், கேட்டேன். தண்ணிக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஆத்தா ஏனம் வெளக்குற சத்தம் கேட்டுச்சுன்னு எழுதிருக்கீங்க. அது யாருகிட்டயாச்சும் கேட்டு, தெரிஞ்சு எழுதுனீங்களா, நீங்களாக் கட்டுனீங்களா? எம்மவ விழுந்தப்ப நான் பக்கத்துலதான் ஒடைச்சுக்கிட்டிருந்தேன். கட்டைச் சத்தம் கெணத்துக்கு மேல கேக்கும். உள்ள கேக்குமா? அவளுக்குக் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? அன்னிக்குக் காலையில அவ, 'நான் காலேஜிக்குப் போகவா, வேணாமா ஆத்தா'ன்னு கேட்டா. பாக்கலாம்னு சொன்னேன். நான் வேற ஒண்ணும் சொல்லலங்கய்யா. பாக்கலாம்னுதான் சொன்னேன். ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

கடைசியில் கட்டைவிரலைக் கொட்டகைக் கரியில் தேய்த்து, தாளின் அடியில் அழுத்தினாள். ரேகை இல்லாத ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது.

வீட்டுக்கு வந்து இன்லேண்ட் லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன். எனக்கு உடம்பு கூசியது. இதை எப்படி அனுப்புவது? எங்கள் தமிழ் ஐயா கடிதத்துக்கு ஐந்து மதிப்பெண் என்று சொல்லிக்கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. அதில் நான் எப்போதும் ஐந்துக்கு ஐந்து. அவ்வளவு பெரிய எழுத்தாளரிடம் 'நீங்களாகக் கட்டினீர்களா' என்று கேட்பது மரியாதையா? 'ஏனம்' என்று எழுதலாமா? என்னைப் படித்தவன் என்று அவர் நினைக்க வேண்டாமா?

அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள்: தங்கள் நாவலைப் பாராட்டுதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் நாவலைப் படித்து மிக்க மகிழ்ச்சியடைந்தேன். குறிப்பாகக் கிணற்றுக் காட்சி நெஞ்சை உருக்குவதாக அமைந்திருந்தது. தங்கள் எழுத்துப்பணி மேன்மேலும் சிறக்க வாழ்த்துகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள வாசகி. அடியில் அவள் பெயரை என் கையெழுத்தில், அழகாக, சாய்த்து எழுதினேன். கரி படிந்த தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு கொச்சையான பேச்சை நான் கடிதமாக்கியிருந்தேன்.

ஒரு மாதம் போஸ்ட்மேன் வரும் நேரத்துக்குச் சின்னத்தா வேலையை விட்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். "வருமா, வராதா?" என்று அவரைக் கேட்பாள். "எழுதுனவங்களுக்குல்ல தெரியும்" என்பார் அவர். அப்புறம் ஒரு நாள் கார்டு வந்தது. கொட்டை வறுக்கிற தகரங்களின் புகையில் அத்தனை பெண்களும் சுற்றி நிற்க, நான் படித்தேன்.

"அன்புள்ள வாசகிக்கு, தங்கள் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. இத்தகைய கடிதங்களே எழுதுகிறவனுக்கு ஊக்கம். தொடர்ந்து வாசியுங்கள். நலம் சூழ்க."

"சரி. நான் கேட்டதுக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வாயைத் திறக்கவும் செய்தேன். சுற்றி அம்மா, அம்மாவோடு வேலை செய்கிறவர்கள், எல்லோரும் என்னை 'படிக்கிற புள்ள' என்று பார்க்கிற பார்வை.

"அதுக்கு ஒண்ணும் எழுதல சின்னத்தா."

"தெரியலன்னுகூட எழுதலையா?"

"இல்ல."

கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுத்த விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்ல மனசு வரல. கேட்டிருக்காதுன்னு ஒரு பொம்பளைக்கு எப்படி எழுதுவாரு பாவம்" என்றாள். பிறகு போய் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. முதலில் பஸ்ஸில் கவனித்தேன். ஊரில் நிறுத்தாமல் போன பஸ்ஸில் பேசாமல் உட்கார்ந்திருந்து, எங்கேயோ இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள். ரேஷன் கடையில் மெஷின் கத்தியதும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கடைக்காரர்தான் பதறி, "யக்கா, இந்தா, என்னயக் கேக்கலையா? எனக்கு ஒன்னயத் தெரியும்க்கா!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அன்றைக்கு நான் அவளுடைய அரிசியை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், புதிதாக ஒரு கடிதம் எழுதி, இந்த முறை அவள் கேட்டபடியே கேட்டு, பதிலோடு போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் நான் சொல்லிக்கொண்ட வார்த்தை பாக்கலாம் என்பதுதான்.

அந்த எழுத்தாளர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே.

படிப்பு முடித்து, புதுக்கோட்டையில் இ-சேவை மையம் ஒன்றில் சேர்ந்தேன். நாள் முழுக்க மனு டைப் செய்கிற வேலை. வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். வாய்க்கால் தகராறு, போன புருஷன், வராத பட்டா. கடைசியில் நான் இரண்டு வரியில் 'கோரிக்கை' என்று அடிப்பேன். "நான் சொன்னது எல்லாம் இருக்காப்பா இதுல?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்பேன்.

சின்னத்தாளுக்கு இருமல் இருந்தது. அந்தப் புகையில் எல்லோருக்கும் இருமல் இருக்கும், யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தாள். எதற்கு மாத்திரை, என்ன வியாதி, சரியாகுமா ஆகாதா? பழைய சின்னத்தா என்றால் டாக்டரை எழுந்திருக்க விட்டிருக்க மாட்டாள். இவள் கேட்கவில்லை. பத்து மாதம் கழித்து ரத்தம் வந்த பிறகுதான் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள்.

வேலை முடிந்து தினமும் வார்டுக்குப் போனேன். ஒரு நாள் அம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"சின்னத்தா, அன்னிக்கு அந்த லெட்டர்ல நீ கேட்டத நான் எழுதல. நல்லா இருக்குன்னு மட்டும் எழுதி அனுப்புனேன். அவருக்கு நீ கேட்டதே தெரியாது."

கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளோ என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"மறந்துட்டியா, வேணும்னே விட்டியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"வேணும்னேதான் சின்னத்தா. நீ பேசுனத அப்படியே எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"ம்" என்றாள். "பதில் சொன்னியே."

அவள் திட்டியிருக்கலாம்.

"இப்ப எழுதவா சின்னத்தா? போனுலயே கேக்குறேன். இன்னிக்கே கேக்குறேன்."

தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "வேணாம்டா. அவரு சொல்லாம விட்டாரு, சொல்லாம விட்டாருன்னு நெனைச்சே இம்புட்டு நாளு ஓட்டிட்டேன். இப்பக் கேட்டு, நானாத்தான் கட்டுனேன்னு சொல்லிப்புட்டா, நான் எங்க போயி நிப்பேன்?" பிறகு, "இன்னங் கொஞ்ச நாளுதான. அவகிட்டயே கேட்டுக்கிர்றேன். பதிலு வாங்காம வர மாட்டேன்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

நான்காம் நாள் காலையில், அம்மா காப்பி வாங்கப் போயிருந்தாள், நான் மட்டும் இருந்தேன். சின்னத்தாளுக்கு நினைவு தப்பியிருந்தது. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் நோயாளிகளோடு வந்த பெண்கள் தூக்குவாளி, தட்டு, டம்ளர் எல்லாம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கலகலவென்று நல்ல சத்தம். நான் எழுந்துபோய்ச் சாத்தியிருந்த அந்த ஜன்னல் கதவைத் திறந்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

அவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? எனக்குத் தெரியவில்லை.